பைக் இண்டிகேட்டர் மக்கர் செய்கிறதா? வயரிங் கோளாறை நீங்களே கண்டுபிடிக்கலாம்

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக் ஓட்டுகிறவர்களுக்கு இண்டிகேட்டரின் அருமை நன்றாகவே தெரியும். லாரி ஓட்டுநர் அத்தனை உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். இடதுபக்கம் ஒட்டி வரும் பைக் அவர் கண்ணில் படுவதே அரிது. பட்ட அந்த நொடியில் நாம் எந்தப் பக்கம் திரும்பப் போகிறோம் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அப்படியிருந்தும் ராயபுரம் முதல் மணலி வரை, இண்டிகேட்டர் எரியாமல் கையைக் காட்டியே ஓட்டும் வண்டிகளைத் தினமும் பார்க்கிறேன். கேட்டால், "வயரிங் கிட்டையே மாத்தணும்னு சொல்லிட்டாங்க அண்ணே, அப்புறம் பார்க்கலாம்னு விட்டுட்டேன்" என்பார்கள்.

பெரும்பாலான வண்டிகளில் மொத்தக் கிட்டையும், அதாவது வண்டியின் வயர் கட்டு முழுவதையும், மாற்ற வேண்டிய அவசியமே வராது. கோளாறு ஏதோ ஒரு இடத்தில்தான் இருக்கும்: வயர்களைச் செருகி இணைக்கும் ஒரு கப்ளரில், கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் ஒரு எர்த் இணைப்பில், ஹேண்டில் பார் திரும்பும் கழுத்துப் பகுதியில் உள்ளே அறுந்த ஒரு வயரில். பல்பை மாற்றிப் பார்ப்பது, விளக்கைத் துடிக்க வைக்கும் ஃபிளாஷரை மாற்றிப் பார்ப்பது, பிறகு சுவிட்சை மாற்றிப் பார்ப்பது என்று காசு செலவழிப்பதற்கு முன்னால் சோதித்துப் பாருங்கள். எதை வாங்க வேண்டும் என்பதைச் சோதனையே சொல்லிவிடும். கையில் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த யாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்யக்கூடிய வேலைதான் இது.

கரண்ட் போகும் பாதை

இதை மட்டும் மனதில் பதித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஃபியூஸ், அங்கிருந்து சாவி சுவிட்ச், அடுத்து ஃபிளாஷர், அதிலிருந்து ஹேண்டில் பாரில் இருக்கும் இண்டிகேட்டர் சுவிட்ச். அதுவரை ஒரே பாதை. சுவிட்சில் பாதை இரண்டாகப் பிரிகிறது: இடதுபக்கத்து முன் பின் பல்புகளுக்கு ஒரு வயர், வலதுபக்கத்துக்கு இன்னொன்று. பல்பைத் தாண்டிய கரண்ட் எர்த் வயர் வழியாகவோ வண்டியின் பாடி வழியாகவோ பேட்டரியின் மைனஸுக்குத் திரும்புகிறது.

ஆகவே இரண்டு பக்கமும் எரியவில்லை என்றால், பிரிவதற்கு முன்னால் உள்ள பாதையில் கோளாறு. ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால் பிரிந்த பிறகு. ஒரே ஒரு பல்பு மட்டும் எரியவில்லை என்றால் அந்தப் பல்பு, அதன் ஹோல்டர், அதன் எர்த், அதற்குப் போகும் கடைசித் துண்டு வயர், இவ்வளவுதான். ஸ்க்ரூவில் கை வைக்கும் முன்பே தேட வேண்டிய இடம் இப்படிச் சுருங்கிவிடும்.

என்னென்ன வேண்டும்

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதைவிட முக்கியமானது டெஸ்ட் லேம்ப். பழைய இண்டிகேட்டர் ஹோல்டர் ஒன்றில் நல்ல 12 வோல்ட் 10 வாட் பல்பைப் போட்டு, இரண்டு நீளமான வயர்களை இழுத்து, ஒன்றின் முனையில் முதலை கிளிப்பும் மற்றதில் ஒரு கூர்முனையும் வைத்துக்கொண்டால் டெஸ்ட் லேம்ப் தயார். இதோடு எமரித் தாள், பழைய டூத் பிரஷ், கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே, வண்டிக்கு ஏற்ற ஃபியூஸ் இரண்டு, சூடு காட்டினால் சுருங்கி வயரை இறுக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், சாலிடரிங் அயர்ன்.

மீட்டர் இருக்கும்போது டெஸ்ட் லேம்ப் எதற்கு? மீட்டர் மிகக் குறைந்த கரண்ட்டை மட்டுமே எடுத்துக்கொண்டு அளக்கிறது. வயரில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும், கப்ளரில் களிம்பு பிடித்திருந்தாலும், அது 12 வோல்ட் என்றே காட்டும். அந்த இணைப்பில் 5 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். ஒரு பக்கத்தின் இரண்டு 10 வாட் பல்புகளும் எரிய முயலும்போது ஐந்து வோல்ட்டுக்குக் குறையாமல் அந்த இடத்திலேயே தொலைந்துவிடும். பல்பு மினுக்கென்று சிவந்துவிட்டு நிற்கும். மீட்டரை நம்பியவர், "கரண்ட் வருதே, அப்ப பல்புதான் போச்சு" என்று முடிவு கட்டிவிடுவார். டெஸ்ட் லேம்ப் நிஜமான சுமையை இழுத்துப் பார்ப்பதால் அதை ஏமாற்ற முடியாது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

வேலை தொடங்கும் முன் இரண்டு எச்சரிக்கைகள். வயரை வெட்டும்போதும் சாலிடர் வைக்கும்போதும் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிடுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். ஃபியூஸ் போனால், ஃபியூஸ் பெட்டியில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கிறதோ அதையே மாட்டுங்கள். சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றி மாட்டுவதும், பெரிய ஃபியூஸ் போடுவதும் வயர் தீப்பிடிக்க வழி.

முதலில் வண்டி என்ன சொல்கிறது என்று பாருங்கள்

சாவியைப் போட்டு ஹாரனை அடியுங்கள், பிரேக் லைட்டைப் பாருங்கள். பல வண்டிகளில் இவையும் இண்டிகேட்டரும் ஒரே ஃபியூஸில் வருகின்றன. எல்லாமே செத்திருந்தால் ஃபியூஸைப் பாருங்கள். ஹாரன் கரகரவென்று கத்தினால் பேட்டரியைப் பாருங்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் செய்யுங்கள். எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். ஆக்சிலரேட்டரைத் திருகினால் மட்டும் இண்டிகேட்டர் ஒழுங்காகத் துடிக்கிறது, ஐடிலிங்கில் மந்தமாகிறது என்றால், பெரும்பாலும் பேட்டரியோ சார்ஜிங்கோதான் காரணம்.

அடுத்து இரு பக்கமும் போட்டு எண்ணிப் பாருங்கள். நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை துடிப்பது சரியான வேகம். ஒரு பக்கம் சரியாகவும் மறுபக்கம் படபடவென்றும் துடித்தால், அந்தப் பக்கம் ஒரு பல்பு எரியவில்லை. சுமை குறைந்ததை ஃபிளாஷர் அப்படிக் காட்டுகிறது. பழைய வகை ஃபிளாஷர்களில் இது தலைகீழாகவும் நடக்கும்: துடிக்காமல் எரிந்தபடியே நிற்கும். பிரேக் பிடித்தால் பின் இண்டிகேட்டர் லேசாக மினுங்குகிறதா? இண்டிகேட்டரோடு சேர்ந்து டெயில் லைட்டும் துடிக்கிறதா? பின்பக்க எர்த்தை முதலில் பாருங்கள். எர்த் கிடைக்காத கரண்ட் பக்கத்துப் பல்பு வழியாகத் திரும்ப வழி தேடுகிறது.

பல்பும் ஹோல்டரும்

கண்ணாடியைக் கழற்றி பல்பை எடுத்து, இழையைக் கண்ணாலும் மீட்டராலும் பாருங்கள். குளிர்ந்த 10 வாட் பல்பு ஒன்றிரண்டு ஓம் மட்டுமே காட்டும். ஷார்ட் என்று பயப்பட வேண்டாம். சூடான பிறகுதான் தடை 14 ஓம் அளவுக்கு ஏறும். ஹோல்டருக்குள் துரு இருந்தால் எமரித் தாளால் சுரண்டுங்கள், நடுவில் இருக்கும் ஸ்பிரிங் அழுந்திப் போயிருந்தால் தூக்கிவிடுங்கள். புதுப் பல்பு வாங்கும்போது வாட் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் 10 வாட், மறுபக்கம் வேறு வாட் என்றால் இரண்டும் வேறு வேறு வேகத்தில்தான் துடிக்கும்.

எர்த்: நம்ம ஏரியாவின் முதல் குற்றவாளி

வடசென்னையில் வண்டி வைத்திருப்பவர்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கமெல்லாம் கடற்காற்று உப்போடுதான் வருகிறது. வீட்டு வாசலில் இரவு முழுக்க நிற்கும் வண்டியின் ஒவ்வொரு இணைப்புக்குள்ளும் அந்த உப்பும் ஈரமும் இறங்குகின்றன. டெயில் பக்கத்துக் கப்ளர் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். பித்தளைப் பின்னைச் சுற்றிப் பச்சைக் களிம்பு பொடிப்பொடியாக உதிரும், பிளாஸ்டிக் உறையின் ஓரத்தில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கும், பின்னைத் தாங்கும் வயரின் உறையை அரை அங்குலம் சீவினால் உள்ளே செம்பு கறுத்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் கப்ளருக்கு ஒரு குறையும் தெரியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீரில் நின்ற வண்டி என்றால், எல்லாக் கப்ளர்களையும் ஒருமுறை பிரித்துப் பார்ப்பது நல்லது. தண்ணீர் வடிந்தாலும் உள்ளே தொடங்கிய அரிப்பு நிற்பதில்லை.

எர்த்தைச் சோதிப்பது சுலபம். எரியாத பல்பை ஹோல்டரில் மாட்டி, இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, பேட்டரியின் மைனஸிலிருந்து தனியாக ஒரு வயரை இழுத்து ஹோல்டரின் உலோகப் பகுதியில் தொடுங்கள். பல்பு உடனே பிரகாசமாக எரிந்தால் எர்த்தான் கோளாறு. எர்த் வயர் ஃபிரேமில் எங்கே போல்ட் போட்டு முறுக்கப்பட்டிருக்கிறதோ அங்கே போய், கழற்றி, இரண்டு பக்கமும் உலோகம் பளபளக்கும் வரை தேய்த்து, லேசாக வாஸ்லின் தடவி இறுக்குங்கள்.

புல்லட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. என்ஃபீல்டின் பழைய தொழிற்சாலை இருக்கும் திருவொற்றியூர்ப் பக்கம், பழைய புல்லட்டை ஆசையாகப் பெயிண்ட் அடித்து வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இரும்பு மட்கார்டு வழியாகவே எர்த் போகும் வண்டிகளில், புதுப் பெயிண்ட்டும் பவுடர் கோட்டிங்கும் அந்த எர்த்தைத் தடுத்துவிடும். பெயிண்ட் அடித்து வந்த நாளிலிருந்து இண்டிகேட்டர் மங்கலாகிவிட்டது என்றால் வேறெதையும் பார்க்காதீர்கள். போல்ட் உட்காரும் இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பெயிண்ட்டைச் சுரண்டினால் போதும், அது வெளியே தெரியவும் தெரியாது.

ஃபிளாஷர்

நான்கும் எரியவில்லை, அல்லது எரிகிறது ஆனால் துடிக்கவில்லை என்றால் ஃபிளாஷரைப் பாருங்கள். சீட்டுக்கு அடியிலோ சைடு பேனலுக்குள்ளோ ஹெட்லைட் டூமுக்குப் பின்னாலோ ரப்பரில் தொங்கும் சின்ன டப்பா அது. இரண்டு பின் இருந்தால் ஒன்று பி, மற்றது எல்: பி-யில் பேட்டரிக் கரண்ட் உள்ளே வரும், எல்-லில் சுவிட்சுக்குப் போகும். மூன்றாவது பின் இருந்தால் அது இ, எர்த்.

கப்ளரை ஃபிளாஷரிலிருந்து கழற்றுங்கள். சாவியைப் போட்டு, பி வயரில் டெஸ்ட் லேம்ப்பை வையுங்கள், மறுமுனை பேட்டரி மைனஸில். எரியவில்லை என்றால் ஃபிளாஷருக்கே கரண்ட் வரவில்லை. பின்னோக்கிப் போய் சாவி சுவிட்சையும் ஃபியூஸையும் பாருங்கள். எரிந்தால், பி-யையும் எல்-லையும் ஒரு சின்ன வயரால் நேரடியாக இணையுங்கள். மூன்று பின் உள்ளதில் இ-யைத் தொடவே கூடாது, தொட்டால் ஃபியூஸ் போகும். இப்போது இண்டிகேட்டரை இடதுபக்கம் தள்ளுங்கள். இடதுபக்க விளக்குகள் துடிக்காமல் நிலையாக எரிந்தால் வயரிங், சுவிட்ச், பல்பு எல்லாம் நன்றாக இருக்கின்றன, ஃபிளாஷர்தான் போய்விட்டது. எரியவில்லை என்றால் ஃபிளாஷர் வாங்கக் கடைக்கு ஓட வேண்டாம்.

இந்த இணைப்பை அப்படியே விட்டு வையுங்கள். துடிப்பு நின்றுவிட்டதால் இனி வரும் சோதனைகளில் மீட்டர் நிலையாகக் காட்டும். மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸிலும் சிவப்பை எரியும் பல்பின் எர்த்திலும் வைத்தால், 0.2 வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது. வந்தால் எர்த் இன்னும் சரியில்லை.

சில புது மாடல்களில் தனி ஃபிளாஷரே கிடையாது. வேறொரு கன்ட்ரோல் யூனிட்டுக்குள்ளேயே அந்த வேலை நடக்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் இந்த இணைப்பு வேலையைச் செய்யாதீர்கள். பல்பு, எர்த், கப்ளர் வரை பார்த்துவிட்டு, வாரண்டி இருக்கும்போதே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்கள்.

சுவிட்ச்

பி-யையும் எல்-லையும் இணைத்தும் எரியவில்லை என்றால், ஹெட்லைட் டூமைத் திறந்து சுவிட்சின் கப்ளரைத் தேடுங்கள். உள்ளே வரும் வயரில் கரண்ட் இருந்து, இடதுபக்க வயரில் வெளியே வரவில்லை என்றால் சுவிட்ச். இதற்கு வயர் நிறம் தெரிய வேண்டும். ஹோண்டா வழி வந்த வண்டிகளில் ஃபிளாஷரிலிருந்து சுவிட்சுக்குச் சாம்பல் நிறம், இடதுக்கு ஆரஞ்சு, வலதுக்கு வெளிர் நீலம், எர்த்துக்குப் பச்சை. யமஹாவில் வழக்கமாக ஃபிளாஷரிலிருந்து பழுப்பில் வெள்ளைக்கோடு, இடதுக்கு சாக்லேட், வலதுக்குக் கரும்பச்சை, எர்த்துக்குக் கறுப்பு. கவனியுங்கள்: ஹோண்டாவில் கறுப்பு என்பது சாவி போட்டதும் கரண்ட் வரும் வயர். ஒரு வண்டியில் பழகிய நிறத்தை வைத்து இன்னொரு வண்டியில் எர்த் என்று கை வைத்தால் ஃபியூஸ் போகும். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் வயரிங் படம் இருக்கும், அதை முதலில் பாருங்கள்.

சுவிட்சைத் தூக்கி எறிய வேண்டாம். கான்டாக்ட் கிளீனரை அடித்து ஐம்பது தடவை இடது வலது தள்ளினாலே பல சுவிட்சுகள் உயிர் பெற்றுவிடும். தூசியும் உப்பும்தான் உள்ளே அடைத்திருக்கும். பெட்ரோல் ஊற்றிக் கழுவாதீர்கள். பிளாஸ்டிக் கெடும், பக்கத்தில் ஒரு பொறி போதும்.

வயர் அறுந்திருந்தால்

சுவிட்சும் சரி, பல்பும் சரி, எர்த்தும் சரி என்றால் நடுவில் வயர் அறுந்திருக்கிறது. இதைத் தேட வண்டி முழுக்கப் பிரிக்க வேண்டாம். அறுவது எப்போதும் அசையும் இடத்திலும் உரசும் இடத்திலும்தான். முதல் இடம் கழுத்து. ஹேண்டில் பார் திரும்பும் ஒவ்வொரு தடவையும் அங்கே வயர் மடங்கி நிமிர்கிறது. இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு ஹேண்டில் பாரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாகத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் எரிந்து இன்னொரு கோணத்தில் அணைந்தால் இடம் பிடிபட்டுவிட்டது. அங்கே வயரை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து இழுத்துக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் உறை ரப்பர் போல நீளும். உறை முழுசாகத்தான் இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும்.

இரண்டாவது இடம் பின் மட்கார்டின் அடிப்பக்கம். டயர் வாரி அடிக்கும் சேறும் அதிர்வும் அங்கே வயரைத் தின்கின்றன. மூன்றாவது, சீட்டும் டேங்கும் உட்காரும் இடம். கழற்றி மாட்டும்போது வயர் நசுங்கியிருக்கும். அப்புறம், வெளியில் மாட்டிய அலாரம், பஸ்ஸர், ஹசார்டு சுவிட்ச் ஏதாவது வண்டியில் இருந்தால், அதன் ஜாயிண்ட்டுகளை எல்லாவற்றுக்கும் முன்னால் பாருங்கள். முறுக்கி டேப் சுற்றிய அந்த ஜாயிண்ட்டுகள் நம் ஊர்க் காற்றில் நீடிக்காது.

ஒரு பக்கம் போட்டாலே ஃபியூஸ் போகிறது என்றால் அது அறுந்த வயர் இல்லை, பாடியில் தொடும் வயர். ஃபியூஸாகப் போட்டு எரிக்காமல் இப்படிச் செய்யுங்கள்: ஃபிளாஷரைக் கழற்றி, பி-க்கும் எல்-லுக்கும் நடுவே டெஸ்ட் லேம்ப்பை மாட்டுங்கள். அந்தப் பக்கத்து இரண்டு பல்புகளையும் எடுத்துவிடுங்கள். சுவிட்சை அந்தப் பக்கம் தள்ளினால் டெஸ்ட் லேம்ப் பளிச்சென்று எரியும், ஆனால் ஃபியூஸ் போகாது. இப்போது வயரை ஒவ்வோர் இடமாக அசைத்துக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் அசைக்கும்போது லேம்ப் அணைகிறதோ அங்கேதான் உறை உரிந்து இரும்பைத் தொடுகிறது.

சரிசெய்யும்போது நிதானம் வேண்டும். கறுத்த செம்பில் சாலிடர் ஒட்டாது. பளபளப்பான செம்பு வரும் வரை வெட்டித் தள்ளி, குறைகிற நீளத்துக்கு அதே தடிமனில் புது வயரைச் சேருங்கள். ஸ்லீவை முதலில் வயருக்குள் கோத்துவிட்டு, சாலிடர் வைத்து, ஆறியபின் ஸ்லீவை ஜாயிண்ட்டின் மேல் இழுத்துச் சூடு காட்டுங்கள். சாலிடர் வைத்த இடம் விறைப்பாகிவிடும் என்பதால் ஜாயிண்ட் சரியாகக் கழுத்து மடங்கும் இடத்தில் வரக்கூடாது. ஹேண்டில் பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து, வயர் இழுபடாத அளவுக்குத் தளர்வு விட்ட பிறகே கேபிள் டை போட்டுக் கட்டுங்கள்.

எல்.இ.டி மாட்டியிருந்தால்

எல்.இ.டி மிகக் குறைந்த கரண்ட்டே எடுப்பதால் பழைய ஃபிளாஷர் பல்பு போய்விட்டது என்று நினைத்துப் படபடக்கும், அல்லது துடிக்கவே செய்யாது. எல்.இ.டி-க்கான ஃபிளாஷர் போடுவதே நல்ல வழி. சுமையைக் கூட்டிக் காட்ட ரெசிஸ்டர் போடுவதும் உண்டு. ஆனால் அது நன்றாகச் சூடாகும், பிளாஸ்டிக் பக்கத்தில் வைத்தால் உருகும். எனக்கு அது பிடிப்பதில்லை.

எல்.இ.டி மாட்டியபின் எந்தப் பக்கம் போட்டாலும் நான்கும் துடிக்கிறதா? ஸ்பீடோமீட்டரில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு பைலட் லைட் (இண்டிகேட்டர் எரிவதைக் காட்டும் சின்ன விளக்கு) இருக்கும் வண்டிகளில் இது நடக்கும். அந்தச் சின்னப் பல்பு இடது வயருக்கும் வலது வயருக்கும் நடுவில் மாட்டப்பட்டிருக்கிறது. அது வழியாகக் கசியும் கரண்ட்டே மறுபக்க எல்.இ.டி-யை எரிய வைக்கப் போதும். பைலட் பல்பின் இரண்டு வயர்களையும் கரண்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் ஆளுக்கொரு டயோடு வழியாக ஒன்றாகச் சேர்த்து பல்பின் ஒரு முனைக்குக் கொடுங்கள், மறுமுனையை எர்த் செய்யுங்கள். 1என்4007 டயோடு இரண்டு போதும். டயோடின் வெள்ளைக்கோடு பல்பு பக்கம் இருக்க வேண்டும்.

எல்லாம் மாட்டி முடித்ததும், பி-எல் இணைப்புக்குப் போட்ட வயரை எடுத்துவிட்டு ஃபிளாஷரைத் திரும்ப மாட்டுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கைப் பிடித்தபடி, ஹேண்டில் பாரை முழுக்கத் திருப்பி, இரண்டு பக்கமும் போட்டுப் பாருங்கள். சீட்டில் ஒருவரை உட்காரவைத்து இன்னொரு தடவை. அப்புறம் பைப்பில் பின்பக்கம் தண்ணீர் அடித்துவிட்டு மறுபடியும். இத்தனைக்கும் பிறகும் சிக்கல் பிடிபடவில்லை என்றால் மெக்கானிக்கிடம் போங்கள். போகும்போது "இண்டிகேட்டர் எரியல" என்று மட்டும் சொல்லாமல், "பி-யில் கரண்ட் வருது, சுவிட்ச் வரைக்கும் வருது, வலதுபக்கப் பின் வயரில் வரல அண்ணே" என்று சொல்லுங்கள். வயரிங் கிட் பேச்சு அங்கே எழாது.